முப்பது படுக்கைக்கு வரிச்சலுகை உண்டா?

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஆடிட்டர் ஆபீஸுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: இந்த வருஷம் வரியை எப்படிக் குறைப்பது? அன்று வந்த டாக்டர் வேறு ஒன்று கேட்டார். தென்மாவட்ட ஊர் ஒன்றில் மனநல மருத்துவர். கீழே மருந்துக்கடை, மாடியில் ஒரு அறை என்று பன்னிரண்டு வருஷமாகக் கிளினிக் நடத்துகிறார். சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய நோயாளி வந்தால் மதுரைக்கோ சென்னைக்கோ சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

"ஊருக்கு வெளிய ஒரு இடம் பாத்திருக்கேன் சார். முப்பது படுக்கை போடலாம். மனநல ஆஸ்பத்திரி கட்டினா வரியில நல்ல சலுகை உண்டாமே? நமக்கு எவ்வளவு வரும்?"

நல்ல கேள்வி. ஆனால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு குறிப்பு மட்டும்: நான் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு வருவதால் எண்கள் மாறும். ஆடிட்டர்களின் வாயில் இன்னும் பல வருஷத்துக்குப் பழைய எண்தான் வரும் என்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

அரசு ஏன் தன் வரியை விட வேண்டும்?

2015-16இல் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல நிறுவனம் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சையே கிடைக்காதவர்களின் பங்கு நோய்க்கு நோய் வேறுபட்டாலும், பெரும்பாலும் 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. பத்துப் பேருக்கு வைத்தியம் வேண்டுமென்றால் ஏழு முதல் ஒன்பது பேர் அது இல்லாமலே இருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப அரசுக்கு மூன்று வழி. தானே ஆஸ்பத்திரி கட்டலாம். கட்டுகிறவருக்குப் பணம் கொடுக்கலாம். அல்லது, "நீ கட்டு, உன்னிடம் வாங்க வேண்டிய வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்" என்று சொல்லலாம். மூன்றாவதுதான் வரிச்சலுகை. கஜானாவிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகாததால் செலவு மாதிரியே தெரியாது. ஆனால் அதுவும் செலவுதான். வர வேண்டிய பணம் வராமல் போவதற்கும், வந்த பணத்தைக் கொடுப்பதற்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை. அதனால்தான் மத்திய அரசு 2006-07 பட்ஜெட்டிலிருந்து, சலுகைகளால் எவ்வளவு வருவாய் போகிறது என்று தனியாக ஒரு அறிக்கை வெளியிடுகிறது.

இங்கே பலரும் இடறுகிற ஒரு இடம் உண்டு. "ஒரு லட்சம் கழிவு" என்றால் ஒரு லட்சம் கைக்கு வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழிவு என்பது லாபத்திலிருந்து கழிப்பது. பெரும்பாலான சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.17 சதவீதம் வரி. அந்தக் கம்பெனிக்கு ஒரு லட்சம் கழிவு கிடைத்தால் மிச்சமாவது 25,170 ரூபாய். லாபமே இல்லையென்றால் மிச்சமும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

நூறு படுக்கை

இந்திய வருமான வரிச் சட்டத்தில் "மனநல ஆஸ்பத்திரி" என்று பெயர் சொல்லித் தனிச்சலுகை எதுவும் இல்லை. பொதுவாக ஆஸ்பத்திரிகளுக்கு என்று கொடுத்ததில் மனநல ஆஸ்பத்திரியும் புகுந்துகொள்ள வேண்டியதுதான்.

முதலில் வந்தது லாபத்துக்கு விடுமுறை. 80ஐபி பிரிவின்படி, 2004 அக்டோபருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் கிராமப்புறத்தில் கட்டிய ஆஸ்பத்திரிகளுக்கு ஐந்து வருஷ லாபத்துக்கு வரி இல்லை. அப்புறம் 2008 ஏப்ரல் முதல் 2013 மார்ச் வரை அதையே விரித்து, சென்னை, மும்பை, டெல்லி போன்ற பெருநகரப் பகுதிகள் நீங்கலாக மற்ற இடங்களுக்கும் கொடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்து வருஷம் ஆஸ்பத்திரி இயங்கத் தொடங்கிய வருஷத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி முதல் இரண்டு மூன்று வருஷம் நஷ்டத்தில் ஓடுவது சாதாரணம். லாபம் இல்லாத வருஷத்தில் லாபத்துக்கு விடுமுறை விட்டு என்ன பயன்? பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே கோடை விடுமுறை முடிந்துபோன கதை.

அடுத்தது 35ஏடி. இதுதான் இன்றைக்கும் பேசப்படுகிற பிரிவு. 2010 ஏப்ரல் 1க்குப் பிறகு இயங்கத் தொடங்கிய புது ஆஸ்பத்திரிக்கு, நிலம் நீங்கலாக, கட்டடம், கருவி, மேசை நாற்காலி என்று போட்ட முதல் முழுவதையும் அதே வருஷத்தில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் எங்கே கட்டினாலும் சரி.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் தேய்மானம் என்னவென்று பார்க்க வேண்டும். ஒரு கோடி ரூபாயில் ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டினீர்கள். சாதாரணமாக அந்த ஒரு கோடியை உடனே செலவாகக் காட்ட முடியாது. வருஷத்துக்கு 10 சதவீதம்தான். முதல் வருஷம் 10 லட்சம். மீதி 90 லட்சத்தில் 10 சதவீதமாக அடுத்த வருஷம் 9 லட்சம். அதற்கடுத்து 8.1 லட்சம். இப்படி இளைத்துக்கொண்டே போகும். கட்டடம் பழசாகும்வரை கழித்துக்கொண்டே இருக்கலாம். 35ஏடியில் அந்த ஒரு கோடியும் முதல் வருஷமே கழிந்துவிடும்.

கவனித்துப் பார்த்தால், மொத்தக் கழிவு இரண்டிலும் ஒரு கோடிதான். அதிகமாக ஒரு பைசாவும் வரவில்லை. பின்னால் வர வேண்டியது முன்னால் வந்திருக்கிறது, அவ்வளவே. வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. உண்மையான கொடை என்று சொல்லத்தக்கது ஒரு காலத்தில் இருந்தது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய ஆஸ்பத்திரிகளுக்கு 150 சதவீதம் கழிக்கலாம் என்றார்கள். ஒரு கோடி போட்டால் ஒன்றரைக் கோடி கழிவு. 2017 ஏப்ரல் முதல் அதை மறுபடியும் 100 ஆக்கிவிட்டார்கள்.

நிபந்தனைகளும் உண்டு. சலுகை வாங்கிய சொத்தை எட்டு வருஷம் அதே தொழிலுக்குத்தான் பயன்படுத்த வேண்டும். இதில் வரும் நஷ்டத்தை உங்கள் மற்ற வருமானத்தோடு நேர்செய்ய முடியாது. இதே வகைத் தொழிலின் லாபத்தோடு மட்டும்தான். அப்புறம், 22 சதவீத வரித் திட்டத்துக்குப் போன கம்பெனிக்கு 35ஏடி கிடையாது. பழைய திட்டத்திலேயே இருந்து 35ஏடி வாங்கினாலோ, கழிவு எவ்வளவு இருந்தாலும் கட்டியாக வேண்டிய மேட் என்கிற குறைந்தபட்ச வரி வந்து வாசலில் நிற்கும். ஆக, இந்தச் சலுகை இன்றைக்குப் பலருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பலகாரம்.

டாக்டர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் கடைசியாக வைத்திருந்த நிபந்தனையைச் சொன்னேன்: குறைந்தது நூறு படுக்கை இருக்க வேண்டும். 80ஐபியிலும் நூறு. 35ஏடியிலும் நூறு.

"அப்போ நூறாவே போட்டுரலாமா?"

"மீதி எழுபது படுக்கைக்கு நோயாளி வருவாங்களா டாக்டர்?"

"நோயாளிக்கு என்ன சார் பஞ்சம்? நர்ஸுக்குத்தான் பஞ்சம்."

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயத்தின் முடிச்சு அதில்தான் இருந்தது.

நூறு படுக்கை என்ற எல்லையை எழுதியவர்கள் மனதில் இருந்தது பொது ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டர், ஐசியூ, ஸ்கேன் என்று இருக்கும் இடத்தில் நூறு படுக்கை இருந்தால்தான் அத்தனை கருவியும் ஓடும், கட்டுப்படியாகும். மனநலச் சிகிச்சை போகிற திசை வேறு. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி கூடுமானவரை தன் குடும்பத்தோடும் ஊரோடும் இருந்தே சிகிச்சை பெற வேண்டும் என்கிறது. ஹாஃப்வே ஹோம் என்று சொல்கிற இடைக்கால இல்லங்கள், துணையோடு தங்கும் வீடுகள் எல்லாம் வர வேண்டும் என்று அதே சட்டம் எழுதிவைத்திருக்கிறது. பத்துப் பேர் தங்கும் வீடு, நாள் முழுக்க இருந்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகும் பகல்நேர மையம் போன்றவைதான் ஊருக்கு ஊர் தேவை. இவற்றில் ஒன்றையாவது "நூறு படுக்கை ஆஸ்பத்திரி" என்ற சொல்லுக்குள் அடக்க முடியுமா? ஒரு சட்டம் சின்னதாகக் கட்டு என்கிறது. இன்னொரு சட்டம் பெரிதாகக் கட்டினால்தான் சலுகை என்கிறது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு விதி இருக்கிறது. அது வரிச்சலுகை கிடையாது, யார் பில்லைக் கட்டுவது என்பது பற்றிய விதி. என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில், 16 படுக்கைக்கு மேல் உள்ள மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருக்கும் 21 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசு பணம் தராது. இப்போது விலக்குகள் பல வந்துவிட்டாலும் விதி அங்கேதான் இருக்கிறது. பெரிய மனநோய் விடுதிகள் மறுபடி முளைக்கக் கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதனால் இடம் கிடைக்காமல் அல்லாடுகிறவர்கள் உண்டு என்று அங்கேயே சண்டை நடக்கிறது. எது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. படுக்கை எண்ணிக்கையை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்றபடி ஆஸ்பத்திரியின் உருவம் மாறும் என்பதற்காகச் சொன்னேன்.

செலவு எங்கே போகிறது?

டாக்டர் கொண்டுவந்த ஃபைலில் ஒரு மாதச் செலவுக் கணக்கு இருந்தது. பென்சிலால் எழுதி, இரண்டு மூன்று இடத்தில் அழித்துத் திருத்தியிருந்தார். முப்பது படுக்கைக்கு இரண்டு மனநல மருத்துவர்கள், 5 லட்சம். உளவியலாளர், சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று ஐந்து பேர், 2 லட்சம். நர்ஸ் பத்துப் பேர், 2.2 லட்சம். அட்டெண்டர், சமையல், காவல், துப்புரவு எல்லாம் சேர்த்து இருபது பேர், 3.2 லட்சம். சம்பளம் மட்டும் 12.4 லட்சம். சாப்பாடு, மருந்து, கரண்ட், கடன் வட்டி எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான்.

இயந்திரம் என்று பார்த்தால் ஈசிஜி, ஈஈஜி, மின்னதிர்வுச் சிகிச்சைக் கருவி, அதற்கு வேண்டிய மயக்க மருந்துச் சாதனங்கள், ஒரு ஆம்புலன்ஸ். இதய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஒரு கேத் லேப் விழுங்குகிற பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மனநல வார்டில் மருந்துக்கு அடுத்த மருந்து மனிதர்கள்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் வராந்தாவில் நடக்கிற ஒருவரோடு கூடவே நடக்க ஒரு அட்டெண்டர் வேண்டும். அதை எந்தக் கருவியாலும் செய்ய முடியாது.

இப்போது சலுகைகளைத் திரும்பிப் பாருங்கள். 35ஏடி, தேய்மானம் இரண்டுமே கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுப்பவை. தேய்மானத்திலேயே உயிர்காக்கும் கருவிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. டயாலிசிஸ் கருவி, டிஃபிப்ரிலேட்டர், எம்ஆர்ஐ போன்றவற்றுக்கு 15க்குப் பதில் 40 சதவீதம் கழிக்கலாம். அந்தப் பட்டியலாலும் மனநல வார்டுக்குப் பெரிதாக ஆகப்போவதில்லை. சம்பளத்துக்கு? சம்பளம் எந்தத் தொழிலிலும் செலவுதான். நூறு ரூபாய் கொடுத்தால் நூறு ரூபாய் கழியும். அதற்கு மேல் சலுகை என்று ஒன்றும் இல்லை. என் கருத்தில், இந்தியாவின் ஆஸ்பத்திரி வரிச்சலுகைகள் மனநலத் துறையைத் தொடாமலே கடந்துபோவதற்குக் காரணம் இதுதான். செங்கல்லுக்குச் சலுகை இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

முற்றிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரிக்காகவே எழுதாத ஒரு பிரிவு இருக்கிறது: 80ஜேஜேஏஏ. புதிதாக ஆள் சேர்க்கிற எந்தத் தொழிலுக்கும் அது பொருந்தும். மாதம் 25,000 ரூபாய்க்கு மிகாத சம்பளத்தில், பி.எஃப். பிடித்து, வருஷத்தில் குறைந்தது 240 நாள் வேலை கொடுத்தால், அந்தச் சம்பளத்தில் 30 சதவீதத்தைக் கூடுதலாக மூன்று வருஷத்துக்குக் கழித்துக்கொள்ளலாம். வரித் தணிக்கைக்கு உட்பட்ட தொழிலாக இருக்க வேண்டும். 22 சதவீதத் திட்டத்துக்குப் போன கம்பெனிக்கும் இது உண்டு என்பதுதான் இதன் சிறப்பு.

டாக்டரின் கணக்கில் போட்டுப் பார்த்தோம். நர்ஸும் மற்றவர்களுமாக முப்பது பேர். மாதம் 5.4 லட்சம், வருஷம் 64.8 லட்சம். அதில் 30 சதவீதம் 19.44 லட்சம். வரியில் மிச்சம் சுமார் 4.9 லட்சம். இரண்டு நர்ஸின் வருஷச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"இது பரவாயில்லையே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே நான் அந்தப் பழைய வாக்கியத்தை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. லாபம் இருந்தால்தான். முதல் வருஷம் நஷ்டமென்றால் அந்த வருஷத்து 80ஜேஜேஏஏ கழிவு அப்படியே காலாவதி. தேய்மானத்தைக் கழிக்க முடியாமல் போனால் எத்தனை வருஷமானாலும் அடுத்தடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். தொழில் நஷ்டத்தை எட்டு வருஷம் கொண்டுபோகலாம். இதை ஒரு நாள்கூடக் கொண்டுபோக முடியாது.

ஜிஎஸ்டி, டிரஸ்ட், இன்சூரன்ஸ்

"ஆஸ்பத்திரிக்கு ஜிஎஸ்டி இல்லையே, அதுவே சலுகைதானே?" என்று கேட்டார். பாதி சரி. நோயாளியிடம் வாங்கும் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் வெளியே வரி இல்லை என்பதால் உள்ளே கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. கட்டட கான்ட்ராக்டர் பில்லில் 18 சதவீதம், செக்யூரிட்டி ஏஜென்சி பில்லில் 18 சதவீதம் என்று கட்டுவதெல்லாம் அப்படியே ஆஸ்பத்திரியின் செலவாகிவிடும். 2022 ஜூலை 18 முதல், ஐசியூ தவிர மற்ற அறைகளில் ஒரு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பித்தப்பை ஆபரேஷனுக்கு இரண்டு நாள் தங்குகிறவருக்கு இது உறைக்காது. மனநலச் சிகிச்சைக்கு மூன்று வாரம் தங்க நேரிடலாம். நாளுக்கு 6,000 ரூபாய் அறையில் 21 நாள் இருந்தால் 6,300 ரூபாய் வரி.

டிரஸ்டாக நடத்தினால் பாதை வேறு. ஏழைகளுக்கு மருத்துவ உதவி என்பது தர்ம காரியம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்கே செலவிட்டால் வரி இல்லை. கட்டடம் கட்டுவதும் அந்தச் செலவில் சேரும். நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜியில் பாதித் தொகை வரை கழிவு, பழைய திட்டத்தில் இருந்தால். தீவிர மனநலக் குறைபாடு உள்ளவர்களையும், குடி அல்லது போதைக்கு அடிமையானவர்களையும் பராமரிக்கும் பதிவுபெற்ற டிரஸ்டுகளின் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு என்று தனியாகவே எழுதியிருக்கிறது. இந்தப் பக்கம் நிஜமாகவே தாராளம்தான். தமிழ்நாட்டில் பெயர் சொல்லும்படியான மனநல அமைப்புகள், 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் ஆகட்டும், 1993இல் தொடங்கிய பேன்யன் ஆகட்டும், லாப நோக்கில்லாமல் நடப்பவை. ஆனால் டிரஸ்டில் போட்ட பணம் போட்டதுதான். லாபப் பங்கு என்று ஒன்றும் திரும்பி வராது. தனியார் முதலீட்டை வரவழைக்க வேண்டும் என்று பேசும்போது இதைக் காட்டினால், முதலீட்டாளர் சிரித்துவிட்டு எழுந்துபோவார்.

சரி, வேறு எது முதலீட்டாளரை உட்கார வைக்கும்? படுக்கையில் இருப்பவரின் பில்லைக் கட்ட ஒருவர் இருப்பது. அதற்கு வரிச் சட்டத்தைவிட மனநலப் பராமரிப்புச் சட்டம் அதிகம் செய்திருக்கிறது. 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் மருத்துவ இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் மறுபடியும் ஒருமுறை, அக்டோபர் 31க்குள் எல்லா பாலிசியிலும் இது இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு எழுத வேண்டி வந்தது. நான்கு வருஷம் கழித்தும் நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதிலிருந்து, நடைமுறை எப்படி இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

குடும்பத்தின் கையிலும் சில கழிவுகள் உண்டு. மனநோயால் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் பெற்றவரைப் பராமரிப்பவருக்கு 80டிடியில் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. இதுவும் பழைய திட்டத்தில் மட்டும். குறிப்பிட்ட நோய்களுக்கான 80டிடிபி பட்டியலில் டிமென்ஷியாவும் பார்க்கின்சனும் இருக்கின்றன, மனச்சிதைவு நோயான ஸ்கிசோஃப்ரினியா இல்லை. ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

வரிக்கு வெளியே இன்னொன்று உண்டு. கட்டுப்படியாகாத திட்டத்தின் இடைவெளியை அரசு நேரடியாக நிரப்பும் மானியம், ஆங்கிலத்தில் வயபிலிட்டி கேப் ஃபண்டிங் என்பார்கள். 2020 நவம்பரில் அதை மருத்துவத்துக்கும் கல்விக்கும் விரித்தார்கள். மாதிரித் திட்டங்களுக்கு மூலதனத்தில் மட்டுமன்றி, முதல் ஐந்து வருஷம் நடத்தும் செலவிலும் ஒரு பங்கு தரலாம் என்று அதில் வழி வைத்தார்கள். நடத்தும் செலவு என்றால் மனநலத் துறையில் பெரும்பாலும் சம்பளம். நஷ்டத்தில் ஓடும் வருஷத்திலும் கைக்கு வருகிற பணம் இது. ஆனால் அரசோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு நடத்தும் திட்டங்களுக்குத்தான். தனி ஒரு டாக்டர் சொந்த நிலத்தில் கட்டும் முப்பது படுக்கைக்கு அது எட்டாது.

ஒரு பழைய சாம்பல்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "படுக்கை எண்ணிக்கையைக் குறைத்து எல்லோருக்கும் சலுகையைத் திறந்துவிட்டால் என்ன?" என்று தோன்றலாம். எனக்கும் தோன்றும். அப்போதெல்லாம் ஏர்வாடி ஞாபகம் வரும்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். அதுவும் தனியார் நடத்திய "வசதி"தான். இடமில்லாத ஊரில், வேறு வழியில்லாத குடும்பங்கள் மாதாமாதம் பணம் கட்டிக் கொண்டுபோய் விட்ட இடம்.

அதனால் சலுகை கொடுப்பதென்றால் எதைப் பார்த்துக் கொடுப்பது என்பது முக்கியம். படுக்கையை எண்ணுவது சுலபம், அளவுநாடா போதும். 2017ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு மனநல நிலையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் காட்ட வேண்டும், சங்கிலியால் கட்டுவது குற்றம். வரிச்சலுகையை இந்தப் பதிவோடும் தரத்தோடும் முடிச்சுப்போட்டால், பதிவை ரத்து செய்த அன்றே சலுகையும் போகும். 35ஏடியின் ஆஸ்பத்திரி விளக்கத்தில் அப்படி ஒரு முடிச்சு இல்லை. நூறு படுக்கை இருந்தால் போதும்.

டாக்டருக்கு வருவோம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர், ஒன்றரை வருஷம் கழித்துத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார். முப்பது இல்லை, பதினெட்டுப் படுக்கை. முன்பக்கம் பகல்நேர மையம், அதில் இரண்டு தையல் மெஷின், ஒரு காய்கறித் தோட்டம். கம்பெனியாகப் பதிவு செய்து 22 சதவீதத் திட்டம். எல்லோருக்கும் பி.எஃப். எண் வாங்கியாகிவிட்டது.

போன மாதம் போன் செய்தார். "சார், நம்ம ஹெட் நர்ஸுக்கு 24,500 கொடுக்கிறோம். 26,000 ஆக்கலாம்னு இருக்கேன்."

நான் கணக்குப் போட்டேன். 25,000ஐத் தாண்டினால் அந்த அம்மா 80ஜேஜேஏஏ பட்டியலிலிருந்து போய்விடுவார். வருஷச் சம்பளம் 2.94 லட்சத்தில் 30 சதவீதம் 88,200. வரியில் சுமார் 22,200 ரூபாய் போகும். அதற்கு மேல் சம்பள உயர்வு 18,000. "மூணு வருஷம் முடியறவரைக்கும் 25,000லயே நிறுத்தினா நல்லது டாக்டர்" என்றேன்.

"பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில 27 தர்றேன்னு கூப்பிடறாங்க சார். அந்தம்மா போயிட்டா நைட்டு வார்டை யாரு பாக்கறது?"

பட்டியலை எடுத்து அந்தப் பெயர் மேல் ஒரு கோடு போட்டேன்.